குடும்பத் தலைவர் வீடு தேடுகிறார்

சண்டை முடிந்த வருடம் எனக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தது. வந்தது என்று சொல்வது பொய். நானே கேட்டு வாங்கினேன். காரணம் எழுத வேண்டும் என்றார்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் ஒருவன் அப்படி எழுதினால், அதைக் கிண்டிப் பார்க்க யாருக்கும் துணிவு வராது. கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார்கள்.

மனைவி கடலோடு போய் நாலரை வருடமாகியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் நான் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, நான் பிறந்த ஊரான கிரானுக்குப் போயிருந்தேன். அப்பாவின் வயலில் வெள்ளம் நிற்கிறதாம், பார்த்து வரலாம் என்று. மாமி, அதாவது மனைவியின் தாய், கடல் வந்த அன்று காலை ஆற்றுப்பக்கம் இறால் வாங்கப் போயிருந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு ரோட்டும் கொஞ்சம் வீடுகளுமாகக் கிடக்கிறது மனைவியின் ஊர். வீட்டில் இருந்தவர்கள் மனைவியும் மாமாவும். நான் திரும்பி வந்தபோது அவர்களும் இல்லை, வீடும் இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன். வேலைக்குக் கந்தோருக்குப் போனேன். செத்த வீடுகளுக்குப் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். சண்டை முடிந்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நான் பஸ்ஸின் ரயர் வெடித்துவிட்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்கும் அந்தச் சண்டைக்கும் கடைசியில் இருந்த சம்பந்தம்.

மகள் மாமியை அம்மா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் 'அம்மா, அப்பா வந்திற்றார்' என்று அவள் படலையில் நின்று கத்தும்போது, தபால்காரர் வந்திற்றார் என்று சொல்வது போலத்தான் இருக்கும். அவள் மேல் பிழை இல்லை. காலையில் போய் மாலையில் வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிற ஆளை ஏழு வயதுப் பிள்ளை வேறு எப்படி நினைக்கும். பிள்ளையும் நானுமாக வேறொரு ஊரில் வேறொரு வீட்டில் இருந்தால், எனக்குள்ளே ஏதாவது திரும்பி வரும் என்று நம்பினேன். நான் இடமாற்றம் கேட்டது அதற்காகத்தான். அந்த 'சொந்தக் காரணம்' மகள்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், ஏழு கம்ப்யூட்டர் போட்ட ஒரு நெட் கஃபே இருந்தது. கந்தோர் விட்டு எனக்கு பஸ் வரும் வரைக்கும் முக்கால் மணித்தியாலம் இருக்கும். சனி ஞாயிறும், மாதம் ஒரு முறை பூரணைக்கு விடுகிற போயா லீவும் தவிர்ந்த நாட்களில் அங்கே போய் இருப்பேன். நடத்தியவர் காத்தான்குடிக்காரர், கட்டாரில் பத்து வருடம் இருந்து வந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் அவரை நானா என்பேன்.

"என்ன தம்பி தேடுறீங்க?" என்று முதல் நாள் கேட்டார்.

"வீடு."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். "ஒங்களுக்கா? ஆம்புளைக்கு எங்கயாவது வீடு இரிக்கா தம்பி? எனக்கு நாலு பொம்புளப் புள்ள. நாலு வீடு கட்டத்தான் கட்டாருல பத்து வருசம் கிடந்தன். நான் இப்ப இரிக்கிறது பொஞ்சாதிட வீட்ட. அவ கோவிச்சா எனக்குப் படுக்க இந்தக் கடை வாங்குதான்."

அவர் சொன்னது பகிடி இல்லை. தமிழரோ முஸ்லிம்களோ, எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். ஆம்பிளை தன் உடுப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய் இருப்பான். நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாகக் கிரானிலிருந்து வந்தேன். நாற்பதை நெருங்கும் வரை, வீடு தேடுவது என்றால் எப்படி என்றே எனக்குத் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டர் கேட்கக் கேட்கப் பதில் சொன்னேன். எந்த மாவட்டம், எத்தனை அறை, தளபாடம் வேண்டுமா, வாகனம் நிறுத்த இடம் வேண்டுமா. மனிதர்கள் யாரும் என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

வசதிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சுடுதண்ணீர், குளிரூட்டி, அதற்குக் கீழே 'கடல் தெரியும்'. அதில் டிக் போட இடம் இருந்தது. கடல் தெரியாத வீடு வேண்டும் என்று சொல்ல இடம் இருக்கவில்லை.

"கடல் தெரிஞ்சா வாடகை கூடத் தம்பி," என்றார் நானா. "அதுக்கு ஆக்கள் அடிபட்டுக்கிட்டு நிக்காங்க." சொன்ன பிறகுதான் என் மனைவி கடலோடு போனது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழும்பிப் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டார்.

கொழும்பில் எங்கள் ஆட்கள் வீடு எடுப்பது பெரும்பாலும் வெள்ளவத்தையில். வெள்ளவத்தையோ கடலோரம். ஒவ்வொரு விளம்பரத்தையும் பார்த்துவிட்டு, வானத்திலிருந்து எடுத்த படம் காட்டுகிற இன்னொரு பக்கத்தைத் திறந்து, அந்த ஒழுங்கை கடலில் இருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்ப்பேன். இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். மேல்மாடியாக இருந்தால் நல்லது. ஒரு நாள் அந்தப் படத்தை அப்படியே கிழக்கே இழுத்துக்கொண்டு வந்து எங்கள் ஊரைப் பார்த்தேன். ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் கொஞ்சம் மங்கிய நீலம், நடுவில் கலங்கலாக ஒரு பச்சைக் கீற்று. அதற்கு மேல் பெரிதாக்க முடியவில்லை. நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன்.

விளம்பரங்களில் இருந்த நம்பர்களுக்கு எடுத்துப் பேசினேன். எந்த ஊர் என்று கேட்பார்கள். மட்டக்களப்பு என்றதும் வீடு போய்விட்டது என்பார்கள். இரண்டு பேர், கிழக்கில் இருந்து வருகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டியதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு வீடு போய்விட்டது என்றார்கள். வேறு யாருக்காவது அது வலித்திருக்கும். நான் அடுத்த நம்பரை எடுத்தேன். மரத்துப் போனவனுக்கு வீடு தேடுவது சுலபமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிருலப்பனையில் ஓர் அனெக்ஸ் கிடைத்தது. மேல்மாடி, இரண்டு அறை, கிட்டவே தமிழ்ப் பள்ளிக்கூடம். கடல் தூரம். வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. நல்ல மாதிரிப் பேசினார்.

"மிசிஸ் என்ன செய்யிறா?"

"மிசிஸ் இல்ல. சுனாமில போயிற்றா. மகளும் நானும்தான்."

"பொம்பிளைப் பிள்ளையை ஆர் பாக்கிறது தம்பி? குறை நினைக்காதேங்கோ. வீட்டில ஒரு பொம்பிளை இல்லாமல் நான் குடுக்கிறேல்லை."

"மாமி வருவா," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது.

"அப்ப பிரச்சினை இல்லை. மாத முடிவுக்குள்ள வந்து பாருங்கோ."

மாமியிடம் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவர் வந்தால்தான் வீடு. வீடு கிடைத்தால்தான் பிள்ளை. அந்த அனெக்ஸின் படங்களையும், வரைபடத்தையும், என் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் போட்டு நான் வீட்டுக்காரிக்கு எழுதியனுப்பியதையும் நானா அச்செடுத்துத் தந்தார். ஆறு தாள். காட்டிக் கேட்கலாம் என்று கந்தோர்ப் பையில் மடித்து வைத்தேன். வீட்டுக்குப் போனதும் பையை ஆணியில் மாட்டுவேன். மாமி தேத்தண்ணி தருவார். குடிப்பேன். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவேன். இப்படியே இரண்டு கிழமை போனது.

அந்த இரண்டு கிழமையில் வீட்டில் சில மாற்றங்கள் தெரிந்தன. தெரிந்தன என்று இப்போது சொல்கிறேன்; அப்போது கண்ணில் பட்டதே ஒழிய மண்டைக்குள் போகவில்லை. மாமி எப்போதும் எனக்குத்தான் முதலில் சோறு போடுவார், மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். இப்போது இன்னும் கூடிப்போனது. கேட்காமலே சட்டையை அயன் பண்ணி வைத்தார். ஒரு நாள் காலை, "மருமகன், வேலியோரம் நாலு கத்தரி நட்டா ஒங்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். இரண்டரை வருடமாக அவர் கூட்டிப் பெருக்கிய வளவு அது. "நடுங்களன் மாமி," என்றுவிட்டுப் போனேன். பிறகு சுவரில் மனைவியின் படத்தைக் காணவில்லை. கறையான் பிடித்திருக்கும், துடைக்க எடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

மகள் ஒரு நாள், "அப்பா, அம்மா என்ட சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள வெச்சிற்றா," என்றாள்.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மாமிக்கு எப்படியோ விசயம் தெரிந்துவிட்டது, கொழும்புக்குப் போக ஆயத்தம் பண்ணுகிறார், இனி நான் வாய் திறந்து கேட்க வேண்டிய சங்கடம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் குசினி வாசலில் போய் நின்றேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, கொழும்புல வீடு பாத்திரிக்கன். நீங்களும் வரணும்."

கத்தியை வைத்தார். கையைக் கழுவவில்லை. "கடதாசி பாத்தன் மருமகன்," என்றார். "மழைக்குப் பை நனைஞ்சிற்று எண்டு உதறினன், விழுந்திச்சு. பாலர் பாடசாலை ரீச்சர்ட்டக் குடுத்து வாசிக்க வெச்சன். வீட்டு வாடகைக் கடதாசி, மருமகன்ட பேரும் நம்பரும் போட்டிரிக்கு எண்டா. படத்தில வீடு கறுப்பாத் தெரியுது. எந்த வீடெண்டு நான் கேக்கல்ல. ஒங்கட பேருல இரிக்கிறது இந்த ஒரு வீடுதானே."

"இது இல்ல மாமி. அது கொழும்பு வீடு. எனக்கு இரிக்கத் தேடினன்."

"ஆம்புள எங்க மருமகன் வீடு தேடுவான்?" குரலை உயர்த்தவில்லை. "எங்களக் கொழும்புக்கு ஏத்திப்போட்டு இத வாடகைக்குக் குடுக்கப் போறீங்க. நேராச் சொல்லுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். தங்கச்சி ஊட்டுச் சுவரோட ஒரு ஓலைச் சாய்ப்புப் போட்டு இரிப்பன். புள்ளைய மட்டும் எனக்கிட்ட விடுங்க."

அப்போதுதான் எனக்கு அந்த வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தது. தகரக் கொட்டிலில் இரண்டு வருடம் இருந்த பிறகு நிவாரணத்தில் கட்டித் தந்த வீடு அது. பதிய வந்தவர்கள் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஓர் ஆம்பிளையின் பெயரைக் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காக அந்த வரிசையில் நின்ற ஆம்பிளை நான்தான். கையெழுத்து வைத்தேனாம். எனக்கு நினைவே இல்லை. அந்த நாட்களில் பாணுக்கும் பாய்க்கும் போத்தல் தண்ணிக்கும்கூடக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தோம். கடல் கொண்டு போனது மாமி தன் மகளுக்குக் கொடுத்த வீடு. அதற்குப் பதிலாக வந்த வீடு என் பெயரில் இருந்தது. நான் அதை ஒரு நாள்கூட யோசித்ததில்லை. மாமி யோசிக்காத நாள் இருக்கவில்லை.

"மாமி, ஒங்கள வீட்ட விட்டு எழுப்பிற யோசினை எனக்கு எப்பயும் வந்ததில்ல," என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க கதைக்கிற ஆளா? இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு, எப்ப எழும்பிப் போகச் சொல்லுவாரோ எண்டுதான் இரிக்கன். மீன் நடுத்துண்டு போட்டது ஆசையில எண்டா நினைச்சீங்க? பயத்துல போட்டன்."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து மிச்ச மீனையும் வெட்டினார். நான் மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நாள் பஸ்ஸில், ஆரையம்பதி தாண்டும்போது, திடீரென்று வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிடுவார் என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வெட்கம். இத்தனை நாளும் அந்த வீட்டில் நான் மட்டும்தான் துக்கத்தோடு இருப்பதாக நினைத்திருந்தேன். என் எதிரே ஒரு மனிசி பயத்தோடு சோறு போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அந்தக் கிழமையே லீவு போட்டுக் கந்தோர் கந்தோராக ஏறினேன். மகளின் பெயருக்கு மாற்ற வேண்டும், அவள் பெரியவளாகும் வரை மாமி பொறுப்பு என்று எழுதித் தாருங்கள் என்றேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் தங்கட பேருக்கு மாத்தத்தான் வாறாங்க. நீங்க என்ன, தலைவர் பதவிய ராஜினாமாச் செய்றீங்களா?" என்றார். ஓம் என்றேன். சத்தியக் கடதாசி, விண்ணப்பம், மூன்று பிரதி. இந்த முறை கையெழுத்து வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கடதாசியை மாமியின் கையில் கொடுத்தேன். அவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. சீலையை மாற்றிக்கொண்டு பாலர் பாடசாலை ரீச்சரிடம் போய், இரண்டு தரம் வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். வந்து, பெட்டியைத் திறந்து, மனைவியின் படத்தை எடுத்து ஆணியில் மாட்டினார். பகல் சாப்பாட்டுக்கு மகளைக் கூப்பிட்டு அவளுக்குத்தான் முதலில் போட்டார். எனக்கு வால்துண்டு. அந்த மீன் ருசியாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

சாப்பிட்டு முடிந்ததும் கேட்டேன். "மாமி, இப்ப கொழும்புக்கு வரலாம்தானே? வீட்ட பூட்டிப்போட்டு ரெண்டு வருசம். பள்ளிக்கூடம் கிட்டத்தான்."

"நான் வரமாட்டன் மருமகன். புள்ளயும் வராது." பயமில்லாமல் என்னைப் பார்த்து மாமி பேசியது அதுதான் முதல் தடவை. "அவட வீடு இங்க இரிக்கு. வீடு இரிக்கிற பொம்புளப் புள்ள வாடகை வீட்டுல என்னத்துக்கு இரிக்கணும்? நீங்க ஆம்புள. நீங்க எங்கயும் இரிக்கலாம்."

ஒரு விசயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். பத்திரம் என் பெயரிலேயே இருந்திருந்தால், பயத்திலாவது மாமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்திருப்பார் என்று அந்த நேரம் நினைத்தேன். அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்றும் நினைத்தேன். பிறகு, அந்தப் பயத்தில் சமைத்த சோற்றைக் கொழும்பிலும் தின்றுகொண்டிருந்திருப்பேன் என்று நினைத்தேன். மூன்றையும் நினைத்தது நான்தான்.

மகள் நிலத்தில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, இது என்ட வீடா?"

"ஓம் மகள்."

"அப்ப ஒங்கட வீடு எங்க?"

"எனக்கு வீடில்ல."

"கொழும்புல பாத்த எண்டீங்க?"

"பொம்புள ஆக்கள் இல்லாட்டி அதத் தரமாட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை. "அப்ப எங்கட வீட்ட இரிங்களன்," என்றாள். பிறகு பொறுப்பு வந்தவளாக, "கொஞ்சம் பொறுங்க, அம்மாட்டக் கேட்டுட்டு வாறன்," என்று எழும்பிக் குசினிக்குப் போனாள்.

உள்ளே மெதுவாகப் பேச்சுக் கேட்டது. சட்டி கழுவும் சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது. நான் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் போல முழங்காலில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

வந்து என் முன்னால் நேராக நின்றாள்.

"லீவுக்கு வரலாமாம்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. நாலரை வருடமாக எங்கே கிடந்ததோ, சத்தத்தோடு வந்தது, நிறுத்த முடியவில்லை. மகள் பயந்துபோனாள். குசினிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, என் காதுக்குள், அங்கே கேட்டுவிடாதபடி சொன்னாள்:

"போயாவுக்கும் வாங்க அப்பா. நான் சொல்லிக்கிறன்."